மெஷினுக்குக் கேட்டது, மனிதர்களுக்குக் கேட்கவில்லை!

அடர்ந்த காடு. மரக்கிளையில் ஒரு வாளி தொங்குகிறது. வாளி நிறைய மனித சிறுநீர். பக்கத்தில் ஒரு ஆள் கூட இல்லை. மேலே ஒரு ஹெலிகாப்டர் வட்டமடிக்கிறது. அதற்குள் இருக்கும் கருவியின் முள் துடிக்கிறது. கீழே ஆட்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்! சற்று நேரத்தில் அந்த இடத்தில் குண்டுகள் மழையாகப் பொழிகின்றன. கடைசியில் செத்தது ஒரு வாளி...

இது ஏதோ காமெடிப் படத்தில் வரும் காட்சி இல்லை. வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பிய அமெரிக்க வீரர்கள் சொன்ன கதை. அந்தக் கருவியை அமெரிக்க ராணுவத்துக்குச் செய்து கொடுத்தது ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி. வியர்வையில் இருந்தும் சிறுநீரில் இருந்தும் காற்றில் கலக்கும் அம்மோனியாவை மோப்பம் பிடிப்பதுதான் இதன் வேலை. முதலில் ஒரு வீரரின் முதுகில் ஏற்றி காட்டுக்குள் அனுப்பினார்கள். கருவி நன்றாகவே வேலை செய்தது. எதிரியைக் கண்டுபிடிப்பதற்குப் பதிலாக, தன்னைச் சுமந்து போனவரின் வியர்வையையே கண்டுபிடித்தது! அதன் பிறகுதான் ஹெலிகாப்டருக்கு மாற்றினார்கள். அங்கேயும் ஒரு சிக்கல். கீழே இருப்பது கெரில்லாவா, விறகு பொறுக்க வந்த கிராமத்துப் பெண்ணா என்று அம்மோனியா சொல்லாதே!

ஒளிந்து தாக்கும் எதிரியை எப்படி ஜெயிப்பது என்ற கேள்விக்கு உலகத்திலேயே பெரிய பணக்கார நாடு ஆராய்ச்சிக் கூடத்தில் விடை தேடியது. அந்தத் தேடலின் கதைதான் இது. அதில் சில கண்டுபிடிப்புகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. சில, இன்றும் உயிரை வாங்கிக்கொண்டிருக்கின்றன.

ஸ்புட்னிக்கில் இருந்து சைகோனுக்கு

1957 அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. அமெரிக்கா ஆடிப்போனது. இனி இப்படி அதிர்ச்சி வரக்கூடாது என்று 1958 பிப்ரவரியில் பென்டகனுக்குள் 'ஆர்ப்பா' என்ற உயர் ஆராய்ச்சி அமைப்பைத் தொடங்கினார்கள். (இன்று 'டார்ப்பா' என்று அழைக்கப்படுவது இதுதான். இன்டர்நெட்டின் தாத்தாவான 'ஆர்ப்பாநெட்' 1969-ல் பிறந்ததும் இங்கேதான்.) ஆனால் அதே ஆண்டில் நாசா வந்துவிட, விண்வெளி வேலைகளில் பெரும்பகுதி கைமாறிப் போனது. ஏவுகணைத் தடுப்பு, அணுகுண்டு சோதனைகளைக் கண்டறிவது போன்ற வேலைகள் ஆர்ப்பாவிடம் மிஞ்சின. கூடவே இன்னொரு புது வேலையும் வந்து சேர்ந்தது.

1961 ஜனவரியில் கென்னடி ஜனாதிபதி ஆனார். அணுகுண்டுப் போரை விட, காட்டுக்குள் இருந்து நடக்கும் கெரில்லாப் போர்தான் இனி அதிகம் என்று அவர் நினைத்தார். ஆர்ப்பாவில் இருந்த வில்லியம் கோடெல் என்ற அதிகாரியும் அதையே நினைத்தார். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட முன்னாள் மரைன் வீரர் அவர். அமெரிக்க வீரர்களை அனுப்ப வேண்டாம், உள்ளூர்ப் படைக்கு அந்த ஊருக்கு ஏற்ற கருவிகளைக் கொடுத்தால் போதும் என்பது அவருடைய வாதம். இப்படிப் பிறந்ததுதான் 'அஜைல்' திட்டம்.

1961-லேயே சைகோன் நகரில் அமெரிக்காவும் தென் வியட்நாமும் சேர்ந்து ஒரு பரிசோதனை மையம் திறந்தன. காட்டுக்குள் வேலை செய்யும் ரேடியோ, ஆழமில்லாத நீரில் போகும் படகு, மோப்ப நாய்கள் என்று என்னென்னவோ பரிசோதித்தார்கள். பின்னர் பாங்காக்கிலும் ஒரு மையம் வந்தது. ஒரு நாடே ஆராய்ச்சிக் கூடமாக மாறியது என்று சொன்னால் மிகையில்லை.

துப்பாக்கி வந்த கதை

அஜைல் திட்டத்தின் புகழ்பெற்ற குழந்தை ஒரு துப்பாக்கி. தென் வியட்நாம் வீரர்களுக்கு அமெரிக்கா கொடுத்திருந்த பழைய எம்-1 ரைஃபிள் நாலு கிலோவுக்கும் மேல் எடை. உருவத்தில் சிறிய அந்த வீரர்களுக்கு அதைத் தூக்கி ஓடுவதே தண்டனை. யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ஏ.ஆர்-15 என்ற லேசான துப்பாக்கியில் சுமார் ஆயிரத்தை 1962-ல் ஆர்ப்பா அங்கே அனுப்பிப் பார்த்தது. அறிக்கை ஆகா ஓகோ என்று வந்தது. அந்தத் துப்பாக்கிதான் பின்னர் எம்-16 என்ற பெயரில் அமெரிக்க ராணுவத்துக்கே வந்தது.

ஆனால் வழியில் ஒரு விபரீதம் நடந்தது. தோட்டாவுக்குள் போடும் வெடிமருந்தை மாற்றினார்கள். குண்டு அமரும் அறைக்குக் குரோமியப் பூச்சு போடாமல் விட்டார்கள். இதற்கு அதிகம் சுத்தம் செய்யத் தேவையில்லை என்று சொல்லி, துடைக்கும் உபகரணம் கூடப் போதிய அளவு கொடுக்கவில்லை. 1966, 1967-ல் சண்டையின் நடுவே துப்பாக்கிகள் சிக்கிக்கொண்டன. சிக்கிய துப்பாக்கியைக் கையில் வைத்தபடி வீரர்கள் செத்துக் கிடந்தார்கள். வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் வழியாக விஷயம் வெளியே வந்து, 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்து ராணுவத்தைக் கடுமையாகச் சாடியது. அதன் பிறகு குரோமியப் பூச்சு வந்தது. துப்பாக்கியை எப்படித் துடைப்பது என்று புகழ்பெற்ற காமிக்ஸ் ஓவியர் வில் ஐஸ்னர் படம் வரைந்த கையேடு கூட வந்தது!

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கே தப்பு நடந்தபோது அது தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குக் கடிதம் எழுத அப்பா அம்மா இருந்தார்கள். கேள்வி கேட்க எம்.பி.க்கள் இருந்தார்கள். அதனால் திருத்தப்பட்டது. அடுத்த கண்டுபிடிப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த வசதி இல்லை.

காட்டையே எடுத்துவிட்டால்?

கெரில்லா மரத்துக்குப் பின்னால் ஒளிகிறான். மரமே இல்லாவிட்டால் எங்கே ஒளிவான்? கேட்பதற்கு ரொம்ப எளிமையான யோசனை. மலேயாவில் பிரிட்டிஷ்காரர்கள் 1950-களில் சிறிய அளவில் செய்து பார்த்ததுதான். 1961 ஆகஸ்ட் 10-ம் தேதி, தென் வியட்நாமின் கோந்தும் பகுதியில் ஒரு ஹெலிகாப்டர் சாலை ஓரமாக களைக்கொல்லியைத் தெளித்தது. முதல் சோதனை அது. அந்த ஆண்டின் இறுதிக்குள் கென்னடி அனுமதி கொடுத்துவிட்டார். 1962 ஜனவரியில் 'ராஞ்ச் ஹேண்ட்' நடவடிக்கை தொடங்கியது.

1971 வரை விமானங்கள் தெளித்த மருந்தின் அளவு 7 கோடி லிட்டருக்கும் மேல். அதில் பாதிக்கும் மேற்பட்டது 'ஏஜென்ட் ஆரஞ்ச்'. மருந்து ஆரஞ்சு நிறம் இல்லை. பீப்பாயில் போட்டிருந்த பட்டைதான் அந்த நிறம். 2,4-டி, 2,4,5-டி என்ற இரண்டு களைக்கொல்லிகளின் கலவை அது. இரண்டாவதைத் தயாரிக்கும்போது டையாக்சின் என்ற கொடிய நஞ்சும் சேர்ந்து உருவாகிவிடும். இலை உதிர்ந்தது. கடலோரச் சதுப்புக் காடுகள் பெருமளவில் மொட்டையாகின. ஆனால் டையாக்சின் மண்ணிலும், ஏரி குளத்து வண்டலிலும், மீனிலும், அதைத் தின்ற மனிதர்கள் உடம்பிலும் தங்கிவிட்டது.

காட்டோடு நிற்கவும் இல்லை. கெரில்லாக்களுக்குச் சோறு கிடைக்கக்கூடாது என்று நெல் வயல்களிலும் தெளித்தார்கள். வயல் யாருடையது? விவசாயியுடையது. கெரில்லாவுக்கு வேறு எங்காவது அரிசி கிடைத்துவிடும். விவசாயிக்கு?

பாஸ்தர் தெரு பங்களா

இந்தக் கேள்விக்கு விடை சொன்னதும் அதே அரசாங்கத்தின் பணத்தில் நடந்த ஆராய்ச்சிதான் என்பதுதான் ஆச்சரியம்!

ஆர்ப்பா வெறும் கருவிகளுக்கு மட்டும் செலவு செய்யவில்லை. வியட்காங் என்று அழைக்கப்பட்ட கெரில்லாக்கள் ஏன் சண்டை போடுகிறார்கள் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது. சைகோனில் பாஸ்தர் தெருவில் ஒரு பங்களா. 1964-ல் ஜான் டானல், ஜோசப் சாஸ்லாஃப் என்ற இரண்டு பேராசிரியர்கள், வியட்நாமிய உதவியாளர்களோடு வேலையைத் தொடங்கினார்கள். சிறையில் இருந்தவர்கள், சரணடைந்தவர்கள், ஓடி வந்தவர்கள் என்று ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கேட்டார்கள். நீ ஏன் அவர்களோடு சேர்ந்தாய்? 1968 வரை இப்படி எடுக்கப்பட்ட பேட்டிகள் சுமார் 2,400.

வாஷிங்டனில் எதிர்பார்த்த பதில், 'மிரட்டிச் சேர்த்தார்கள்' என்பது. வந்த பதில் வேறு. நிலம் வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும், அதிகாரிகளின் லஞ்சமும் அடாவடியும் ஒழிய வேண்டும், அந்நியர் வெளியேற வேண்டும். டானலும் சாஸ்லாஃபும் 1964 இறுதியில் இதைத் தெளிவாகவே எடுத்துச் சொன்னார்கள். எதிரி உறுதியானவன், சுலபத்தில் உடைய மாட்டான் என்றார்கள்.

அடுத்து பொறுப்பேற்ற லியோன் குரே வேறு பாட்டுப் பாடினார். குண்டுவீச்சு வேலை செய்கிறது, எதிரியின் மனம் தளர்கிறது என்பது அவர் அறிக்கைகளின் சாரம். மேலிடத்துக்கு இது தேனாக இனித்தது. அதே பேட்டிகளைப் பின்னர் படித்த கான்ராட் கெல்லன் என்ற ராண்ட் ஆய்வாளர், குரே சொன்னதற்கு நேர் எதிரான முடிவுக்கு வந்தார். காகிதம் ஒன்றுதான். யாருக்கு எது வேண்டுமோ அதைப் படித்துக்கொண்டார்கள்!

அந்தப் பங்களாவில் பேட்டி எடுக்கப் போனவர்களில் ஒருவர் அந்தோணி ரூஸோ என்ற இளைஞர். கைதிகளிடம் பேசப் பேச அவர் மாறிப்போனார். பயிர் அழிப்பைப் பற்றி ராண்ட் 1967-ல் வெளியிட்ட ஆய்வுகளில் ஒன்று அவர் எழுதியது. பயிர் அழிப்பால் அடி வாங்குவது கெரில்லா இல்லை, சாதாரண கிராமத்து மக்கள்தான், அவர்களுடைய வெறுப்புதான் வளர்கிறது என்று அந்த ஆய்வுகள் காட்டின. அறிக்கை போன இடத்தில் தூங்கியது. தெளிப்பு தொடர்ந்தது.

ரூஸோ என்ன செய்தார் தெரியுமா? 1969-ல் ராண்ட் சகா டேனியல் எல்ஸ்பெர்க் பாதுகாப்புப் பெட்டகத்தில் இருந்து எடுத்து வந்த ரகசியக் கோப்புகளை ஜெராக்ஸ் எடுக்கக் கூடவே நின்றார். 1971 ஜூனில் நியூயார்க் டைம்ஸில் வெளியாகி உலகத்தையே உலுக்கிய 'பென்டகன் பேப்பர்ஸ்' அதுதான். நண்பருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்து ரூஸோ சிறைக்கும் போனார். 1973 மே மாதம் இருவர் மீதான வழக்கும் தள்ளுபடி ஆனது.

காட்டுக்குள் ஒரு காது

இதற்கிடையே பிரம்மாண்டமான இன்னொரு பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. வட வியட்நாமில் இருந்து லாவோஸ் காடுகள் வழியாகத் தெற்கே ஆயுதம் போகும் பாதைக்கு 'ஹோ சி மின் பாதை' என்று பெயர். பாதை என்று ஒருமையில் சொல்வது தப்பு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு வலை போலப் பின்னிக் கிடந்த ஒற்றையடிப் பாதைகளும் லாரித் தடங்களும் அவை. ஒன்றை அடைத்தால் இன்னொன்று.

1966 கோடையில் 'ஜேசன்' என்ற விஞ்ஞானிகள் குழு கூடியது. அமெரிக்காவின் தலைசிறந்த இயற்பியல் மூளைகள் அதில் இருந்தன. வடக்கில் வீசும் குண்டுகளால் பெரிய பலன் இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். பதிலாக, காடு முழுக்க மின்னணு சென்சார்களைத் தூவி, லாரி வரும் ஓசையைக் கேட்டு, அந்த இடத்தை மட்டும் தாக்கலாம் என்று யோசனை சொன்னார்கள். குண்டுவீச்சு குறையும் என்பது அவர்கள் நம்பிக்கை. பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மெக்நமாராவுக்கு யோசனை பிடித்துப்போனது. போர்டு கார் கம்பெனியின் தலைவராக இருந்து வந்தவர், எண்களின் காதலர் அவர். திட்டம் நடந்தது. ஆனால் குண்டுவீச்சுக்குப் பதிலாக இல்லை... குண்டுவீச்சோடு சேர்த்து!

'இக்ளூ ஒயிட்' என்று பின்னர் பெயர் வைக்கப்பட்ட அந்த ஏற்பாடு இப்படி வேலை செய்தது. நீர்மூழ்கிக் கப்பலின் ஓசையைக் கேட்க கடற்படை வைத்திருந்த மிதவைக் கருவியை மாற்றி, பாராசூட்டில் மரக்கிளைகளில் மாட்டும்படி விமானத்தில் இருந்து போட்டார்கள். இன்னொரு வகை, ஈட்டி போல மண்ணில் குத்தி நின்று நில அதிர்வை உணரும். வெளியே தெரியும் ஆன்டெனா செடி மாதிரியே இருக்கும். சென்சார் அனுப்பும் சிக்னலை மேலே சுற்றிக்கொண்டிருக்கும் விமானம் வாங்கி, தாய்லாந்தின் நகோன் பனோம் தளத்துக்கு அனுப்பும். அங்கே குளிர்சாதன அறையில் ஐ.பி.எம் 360 கம்ப்யூட்டர்கள். திரையில் பாதையின் வரைபடம். லாரி நகர நகர வெளிச்சப் புள்ளியும் நகரும். அங்கிருந்து போர் விமானத்துக்குக் கட்டளை போகும். சில நேரம் விமானி இலக்கைக் கண்ணால் பார்ப்பதே கிடையாது. 1969-ல், ராணுவத் தலைமைத் தளபதி வெஸ்ட்மோர்லண்ட், எதிர்காலப் போர்க்களம் இப்படித் தானியங்கியாகத்தான் இருக்கும் என்று பெருமையோடு பேசினார். செலவு ஆண்டுக்கு சுமார் 100 கோடி டாலர்!

பலன்? 1970-71 உலர்காலத்தில் மட்டும் 20,000-க்கும் அதிகமான லாரிகளை அழித்தோம் அல்லது சேதப்படுத்தினோம் என்றது விமானப்படை. வட வியட்நாமிடம் மொத்தமாகவே அத்தனை லாரி இருக்காதே என்று சி.ஐ.ஏ. உதட்டைப் பிதுக்கியது. படம் எடுக்கப் போன விமானங்களுக்கு அத்தனை லாரிச் சிதைவுகள் கண்ணில் படவும் இல்லை. லாவோஸ் காட்டில் லாரி தின்னும் பூதம் ஒன்று இருக்கிறது போல என்று அமெரிக்கர்களே கிண்டல் அடித்தார்கள்.

1972 மார்ச் கடைசியில் அந்தப் பூதத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து ஒரு பதில் வந்தது. வட வியட்நாம் ராணுவம் டாங்கிகளோடு தெற்கில் புகுந்தது. நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக இரவும் பகலும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த காட்டு வழியாகவும் ஆயுதங்களும் டாங்கிகளும் வந்து சேர்ந்திருந்தன!

மிச்சம் இருப்பவை

1975-ல் போர் முடிந்தது. ஆனால் ஆராய்ச்சி முடியவில்லை. காட்டில் தூவிய சென்சார்களின் தம்பிகள் 1970-களிலேயே அமெரிக்க-மெக்சிகோ எல்லையில் புதைக்கப்பட்டன. எம்-16 குடும்பத் துப்பாக்கிகள் உலகம் முழுக்கப் பரவின.

லாவோஸில் 1964 முதல் 1973 வரை விழுந்தவை 20 லட்சம் டன்னுக்கும் அதிகமான குண்டுகள். அதில் கொத்துக் குண்டுகளில் இருந்து சிதறிய சிறு குண்டுகள் மட்டும் சுமார் 27 கோடி. அவற்றில் 30 சதவீதம் வரை வெடிக்காமல் மண்ணுக்குள் கிடந்தன. போர் முடிந்த பிறகு, வயல் உழும்போதும் இரும்பு பொறுக்கும்போதும் விளையாடும்போதும் வெடித்துச் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் சுமார் 20,000 பேர். கணிசமானவர்கள் குழந்தைகள்.

ஏஜென்ட் ஆரஞ்ச் விஷயத்தில், 1975-ல் ஜனாதிபதி ஃபோர்டு போரில் களைக்கொல்லியை முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று அறிவித்தார். 1984-ல் அமெரிக்கப் படை வீரர்களுக்காக ரசாயனக் கம்பெனிகள் 18 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டன. வியட்நாமியர் தொடுத்த வழக்கை அமெரிக்க நீதிமன்றம் 2005-ல் தள்ளுபடி செய்தது. தானாங் விமானதள மண்ணைச் சுத்தம் செய்யும் வேலை 2012-ல்தான் தொடங்கி 2018-ல் முடிந்தது. மருந்து பீப்பாய்கள் வந்து இறங்கிய இன்னொரு தளமான பியன் ஹோவாவில் அந்த வேலை 2019-ல் தொடங்கியது. முதல் ஹெலிகாப்டர் தெளித்து 58 ஆண்டுகள் கழித்து!

மறுபடியும் நாய்

அப்படியென்றால் தொழில்நுட்பமே வீணா? அப்படிச் சொல்லிவிட முடியாது. 1972-ல் வட அயர்லாந்தில், கார் குண்டுகளை அகற்றப் போய் வீரர்கள் செத்துக்கொண்டிருந்த நேரம். பீட்டர் மில்லர் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, தோட்ட வேலைக்கான மின்சாரத் தள்ளுவண்டியின் அடிப்பாகத்தை எடுத்து, தூரத்தில் இருந்தே இயக்கும் ரோபோ ஒன்றைச் செய்தார். பெயரே 'வீல்பேரோ'. அது எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது. காரணம், அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி சின்னது, தெளிவானது: மனிதன் கிட்டே போகாமல் குண்டைச் செயலிழக்கச் செய்வது எப்படி? அதற்கு மெஷினால் பதில் சொல்ல முடியும்.

இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் சாலையோரக் குண்டுகள் அமெரிக்க வீரர்களைக் கொன்று குவித்தபோது, பென்டகன் 2006-ல் அதற்கென்றே தனி அமைப்பை உருவாக்கியது. சில ஆண்டுகளில் 1,700 கோடி டாலருக்கும் மேல் செலவானது. ஜாமர்கள், கேமராக்கள், உளவு விமானங்கள் எல்லாம் வந்தன. 2010-ல் அதன் தலைவராக இருந்த ஜெனரல் மைக்கேல் ஓட்ஸ் சொன்ன முடிவு என்ன? குண்டைக் கண்டுபிடிக்க மிகச் சிறந்த வழி நாயும் அதை நடத்திச் செல்லும் வீரரும், கூடவே தகவல் சொல்லும் உள்ளூர்க்காரர்களும்! 1960-களில் சைகோன் மையத்தில் பரிசோதித்ததும் நாயைத்தான்.

உள்ளூர்க்காரர் எப்போது தகவல் சொல்வார்? வந்தவனை நம்பினால் சொல்வார். அந்த நம்பிக்கையைச் செய்து தரும் தொழிற்சாலை எந்த நாட்டிலும் இல்லை. "எங்கே இருக்கிறார்கள்?" என்ற கேள்விக்குச் சென்சார் பதில் சொல்லும். "ஏன் வருகிறார்கள்?" என்ற கேள்விக்கு 2,400 பேர் வாய் திறந்து பதில் சொன்னார்கள். அதற்கு ஆன செலவு, ஒரு பங்களாவும் சில டேப் ரிக்கார்டர்களும் கொஞ்சம் பொறுமையும்தான். 100 கோடி டாலர் காதுக்கு லாரிச் சத்தம் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பேசிய மனிதனின் குரல்தான் யாருக்கும் கேட்கவில்லை...